இடிபாட்டுக்கு ஒரு கையெழுத்து

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களும் தஞ்சைத் தரணியில் தூர்வாரும் காலம். ஆறும் வாய்க்காலும் வறண்டு கிடக்கும்போது இயந்திரங்கள் இறங்கி, ஓராண்டாகச் சேர்ந்ததை அள்ளிக் கரையில் போடும். சில ஆண்டுகளுக்கு முன், பாபநாசத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் பாசன வாய்க்காலில் இந்த வேலை நடந்தபோது கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அள்ளி வந்ததில் பாதி சேறு. மறுபாதி செங்கல், ஓட்டுச் சில்லு, காரைக்கட்டி. காலடியில் விழுந்த ஒரு துண்டை எடுத்துத் துடைத்தேன். ரெட் ஆக்சைடு பூசிய சிவப்புத் தரை. ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து மெருகேற்றிய கூடத்துத் தரை அது. எங்கள் வீட்டுத் தரை.

அந்த வீட்டை முந்தைய ஆண்டு இடித்திருந்தோம். ஓட்டு வீடு; மழைக்கு ஒழுகியது; மரங்கள் உளுத்திருந்தன. புதிய வீட்டைக் கட்டித் தர ஒப்புக்கொண்டவர் பக்கத்து ஊர்க்காரர். அரசுப் பணிகளும் எடுத்துச் செய்பவர். அதற்குரிய பதிவு உள்ளவர். அவர் கொடுத்த கணக்குத் தாளில் 'ரப்பிஷ் அகற்ற, 18 நடை' என்று ஒரு வரி இருந்தது. எதிரே ஒரு தொகை. நான் பணம் கொடுத்தேன். பதினெட்டு நடையும் எங்கே போகும் என்று கேட்கவில்லை. வாய்க்கால் கரையில் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், என் பணத்தில் என் ஊர்த் தண்ணீரை நானே அடைத்திருக்கிறேன் என்று உறைத்தது.

அவரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "தம்பி, டிராக்டர்காரனுக்கு நடைக்கு இவ்வளவுன்னு கொடுத்துடறோம். அவன் எங்க கொட்டறான்னு நாம பின்னாலயேவா போக முடியும்?" என்றார். பொய்யான பதில் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பதிலோடுதான் வழக்காடப் போகிறது.

*

டெல்டா நிலம் ஏறத்தாழ மட்டமானது. நீர் விரைந்து ஓட இங்கே மலைச்சரிவு கிடையாது. குடமுருட்டி போன்ற ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வை நம்பித்தான் ஊர் ஊராக நடந்து கடைமடைக்குப் போகிறது. அத்தகைய வாய்க்காலில் பத்து டிப்பர் இடிபாடு விழுந்தால், பத்து டிப்பர் இடம் குறைவதோடு அது நிற்பதில்லை. தரைமட்டம் ஓரிடத்தில் உயர்கிறது. மேலே நீர் தேங்குகிறது. கீழே வரத்துக் குறைகிறது. மேட்டில் இருப்பவன் சம்பா நாற்று அழுகுகிறது என்கிறான். கடைமடையில் இருப்பவன் குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை என்கிறான். இரண்டு புகாரும் ஒரே கல்லிலிருந்து பிறந்தவையாக இருக்கலாம் என்பது இருவருக்கும் தெரிவதில்லை.

சேறு இயற்கையின் வேலை. ஆற்று வண்டலை ஆண்டுதோறும் வாருவது உழவின் ஒரு பகுதி. முன்பு ஊர் கூடிக் குடிமராமத்தாகச் செய்தோம். இப்போது அரசு பணம் ஒதுக்கி நீர்வளத்துறை செய்கிறது. ஆனால் செங்கல்லும் ஜல்லியும் வண்டல் அல்ல. ஒருவர் காசு வாங்கிக்கொண்டு கொட்டியதை, எல்லோருடைய காசிலும் அள்ளுகிறோம். அள்ளுவதும் ஓர் ஒப்பந்தம்தான். ஓர் ஒப்பந்தத்தின் கழிவு இன்னோர் ஒப்பந்தத்தின் வேலையாகிறது. இந்தச் சுழற்சியில் நட்டப்படுபவர் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடாத உழவர் மட்டுமே.

*

பாபநாசத்துக்கு வருகிறவர்கள் திருப்பாலைத்துறைக் கோயிலின் நெற்களஞ்சியத்தைப் பார்க்காமல் போவதில்லை. நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. வட்டமான சுவர், கூம்பிய கூரை, முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். இன்று அது அரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

பழம்பெருமை பேசுவதற்காக அதை இங்கே குறிப்பிடவில்லை. சுண்ணாம்பில் கட்டிய சுவரை இடித்தால் செங்கல் செங்கல்லாகவே கழன்று வரும். சாந்து கல்லைவிட மென்மையானது, தட்டினால் உதிரும். அதனால் பழைய வீடுகள் இடிபட்டபோது கல் இன்னொரு சுவருக்குப் போயிற்று. ஓடு இன்னொரு கூரைக்கு. உத்திரமும் தூணும் விலைக்கு. மண்ணும் காரையும் மனை நிரப்ப. கொட்டுவதற்கென்று மிஞ்சியது சொற்பம். சிமெண்டு வந்த பிறகு கதை மாறியது. சிமெண்டுச் சாந்து செங்கல்லைவிட இறுகிப் பிடித்துக்கொள்கிறது. இடித்தால் கல் உடைகிறது, சாந்து விடுவதில்லை. அதோடு டைல்ஸ், பிளாஸ்டிக் குழாய், வயர், தெர்மாகோல், ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, பெயிண்டு டப்பா எல்லாம் கலந்துவிடுகின்றன. கலப்பில்லாத இடிபாட்டுக்கு எங்கள் பக்கத்தில் இன்றும் கிராக்கி உண்டு. தாழ்ந்த மனைகளை நிரப்பக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கலந்துபோனதைத்தான் யாரும் வாங்குவதில்லை. இரவில் வாய்க்காலுக்கு வருவது அதுதான்.

ஆக, இது மனிதர்கள் திடீரென்று கெட்டுப்போன கதை அன்று. கட்டும் பொருள் மாறியது. அதற்கேற்ற பொறுப்பு உருவாகவில்லை. அந்தப் பொறுப்பை யார் தலையில் வைப்பது என்பதுதான் கேள்வி.

*

சட்டம் இல்லாமல் இல்லை. கட்டுமானம் மற்றும் இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 மார்ச் மாதத்தில் நடுவண் அரசால் அறிவிக்கப்பட்டன. கழிவை உண்டாக்குபவர் அதைத் தம் வளாகத்துக்குள் வைத்திருக்க வேண்டும்; அல்லது உள்ளாட்சி அமைத்த சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும்; போக்குவரத்தையோ வடிகாலையோ அடைக்கும்படி போடக் கூடாது. நாளொன்றுக்கு 20 டன்னோ, ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னோ அதற்கு மேலோ கழிவு வந்தால், கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-சாந்து என நான்காகப் பிரித்து, முன்கூட்டியே திட்டம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். ஐந்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊர்கள் இவற்றையெல்லாம் நடைமுறைக்குக் கொண்டுவர மூன்று ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அது 2019-இலேயே முடிந்துவிட்டது.

பின்னர் 2025-இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1 நடைமுறைத் தேதியாகக் குறிக்கப்பட்டது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களை எழுப்புவோர், தம் கழிவு மறுசுழற்சிக்குப் போவதற்குத் தாமே பொறுப்பு என்கிறது அது. நல்ல விதி. ஆனால் எங்கள் வீடு பதினெட்டு நடை. நடைக்கு மூன்றரை டன் என்று வைத்தாலும் அறுபத்துச் சொச்சம் டன். பாபநாசம் போன்ற பேரூராட்சியில் எந்த வீடும் இந்தப் பெரிய வரம்புகளைத் தொடப் போவதில்லை. விதியின் வலைக்கண் பெரியது. டெல்டாவின் மீன்களெல்லாம் சிறியவை. சிறியவை கூடித்தான் வாய்க்கால் தூர்கிறது.

இன்னும் பழைய சட்டமும் உண்டு. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 430-ஆம் பிரிவில், உழவுக்கான நீர் வரத்தைக் குறைக்கும் தீங்கைச் செய்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 326-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. வெள்ளைக்காரனுக்கு வரிப்பணம் வாய்க்கால் வழியாகத்தான் வருகிறது என்று தெரிந்திருந்தது. நம் புகார் மனுக்களிலோ அந்தப் பிரிவின் எண்ணைக் காண்பது அரிது.

*

சரி, நடைமுறையில் யார் பிடிபடுகிறார்? டிராக்டர் ஓட்டுபவர். இரவில் ஊர்க்காரர்கள் மறித்தால், வண்டியை நிறுத்தி ஒரு தொகை அபராதம். அவர் நடைக்கூலிக்காரர். மறுநாள் வேறொருவர் ஓட்டுவார். அபராதத் தொகையும் அடுத்த வீட்டின் கணக்குத் தாளில் ஒரு வரியாகச் சேர்ந்துவிடும். தண்டனை செலவுக் கணக்கில் ஏறிவிட்டால் அது தண்டனையாக இருப்பதில்லை, கட்டணமாகிவிடுகிறது.

அவருக்கு மேலே மூன்று பேர் இருக்கிறார்கள். வீட்டுக்காரர், கட்டித் தருபவர், வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளர். தமிழ்நாட்டில் தனியார் வீடு கட்டித் தருவதற்கென்று தனி உரிமம் எதுவும் தேவையில்லை. அனுபவமுள்ள ஒரு கொத்தனாரே கட்டித் தரலாம். ஆனால் வரைபடத்தில் கையெழுத்திட உள்ளாட்சியில் பதிவு வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 அதற்கு இடம் வகுத்திருக்கிறது. அரசுப் பணி எடுக்கப் பொதுப்பணித்துறையில் பதிவு வேண்டும். பணியின் மதிப்பைப் பொறுத்து வகுப்பு வகுப்பாக அது தரப்படுகிறது. இந்தப் பதிவுகளைத்தான் ஊரில் 'லைசென்ஸ்' என்கிறார்கள். அலுவலக வாசலில் பலகையில் எழுதி வைக்கிறார்கள். அந்தப் பலகையை நம்பித்தான் நானும் போனேன்.

இந்தப் பதிவு எதனால் பறிபோகும்? வேலை தாமதமானால், தரம் குறைந்தால், டெண்டரில் பொய்த் தாள் கொடுத்தால் கறுப்புப் பட்டியல் உண்டு. இடிபாட்டை வாய்க்காலில் கொட்டியதற்காக ஒருவர் வகுப்பு இறக்கப்பட்டார் என்று பேச்சு எழுந்தால் எங்கள் ஊர் ஒப்பந்ததாரர்கள் சிரிப்பார்கள். கட்டியது நிற்கிறதா என்று மட்டுமே உரிமம் கேட்கிறது. இடித்தது எங்கே போயிற்று என்று கேட்பதில்லை.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீட்டுக்கு, முன் ஆய்வில்லாமல் இணையத்தில் உடனடி அனுமதி. சிறிய வீடுகளுக்கு நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை. அலுவலகத்துக்கு அலைந்து களைத்தவன் என்ற முறையில் இதை நான் வரவேற்கிறேன். ஆனால் இதன் பொருள் என்ன? தொடக்கத்திலும் அதிகாரி வருவதில்லை, முடிவிலும் வருவதில்லை. அந்த இடத்தில் இப்போது நிற்பது ஒரு கையெழுத்துதான். அப்படியென்றால் அந்தக் கையெழுத்தின் எடை கூட வேண்டாமா?

*

பிற இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது உதவும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒப்பந்ததாரர்களுக்கு உரிமம் தர 1929 முதல் ஒரு மாநில வாரியம் இருக்கிறது. 2022-இல் அங்கே இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, பெருமளவில் கழிவைக் கொட்டித் தண்டிக்கப்பட்டவர் உரிமம் பெற்றவராக இருந்தால், நீதிமன்றம் உரிமம் தந்த அமைப்புக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். பொதுமக்கள் பார்க்கும் பதிவேட்டில் அது ஏற வேண்டும். அபராதத்தைவிட இது கூர்மையான ஏற்பாடு. வீடு கட்ட நினைக்கும் ஒருவர் அந்தப் பெயரைத் தேடினால், கொட்டிய கதையும் கூடவே வரும்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் ஷென்ஜென் நகரம் உதாரணம். 2015 டிசம்பர் 20 அன்று, அளவுக்கு மீறிக் குவித்த கட்டுமானக் கழிவுமலை சரிந்து 33 கட்டடங்களை மூடியது. 73 பேர் இறந்தனர், நால்வர் காணாமற்போயினர். 2017-இல் 45 பேருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர்களில் அனுமதி கொடுத்த அதிகாரிகளும் உண்டு. எங்கள் ஊரில் மலை சரியப் போவதில்லை. இங்கே நடப்பது ஒரு வாய்க்கால், ஒரு மதகு, ஒரு போகம் என்று மெல்ல நடக்கும் சரிவு. அதற்குச் செய்தி மதிப்பும் இல்லை.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. கொச்சி மரடில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி அடுக்ககங்கள் தகர்க்கப்பட்டபோதும், நொய்டாவில் 2022 ஆகஸ்ட் 28 அன்று இரட்டைக் கோபுரங்கள் வீழ்த்தப்பட்டபோதும், இடிபாடு எத்தனை டன், எங்கே போகிறது, யார் எடுக்கிறார் என்று நாடே கேட்டது. மரடில் ஏறத்தாழ 76,000 டன், நொய்டாவில் ஏறத்தாழ 80,000 டன் என்று மதிப்பிட்டார்கள். அகற்றியதில் குறைகள் இருந்தன, கண்டிப்புகளும் வந்தன. ஆனால் கணக்கு இருந்தது. கணக்கு இருந்ததால்தான் குறையைச் சொல்லவும் முடிந்தது.

*

மறுதரப்பின் வாதங்களையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது: 'கொட்டாதே என்கிறீர்கள், எங்கே கொட்டுவது என்று சொல்லுங்கள்.' இது நியாயமான கேள்வி. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டைப் பதப்படுத்தும் ஆலைகள் வந்துவிட்டன. அறுபது டன்னை பாபநாசத்திலிருந்து அங்கே ஏற்றிப் போக முடியாது. ஆகவே இடம் தராமல் தண்டிப்பது அநீதி. ஒவ்வொரு பேரூராட்சிக்கும் ஆலை தேவையில்லை. வட்டத்துக்கு ஒரு களம் போதும். கழிவைப் பிரித்து வைக்கவும், நடமாடும் அரைவை இயந்திரம் ஆண்டுக்குச் சில முறை வந்து போகவும் இடம் இருந்தால் சாலையின் அடித்தளத்துக்கும் மனை நிரப்பவும் பொருள் கிடைக்கும். அரசுப் பணிகளில் 10 முதல் 20 விழுக்காடு வரை இத்தகைய பொருளை வாங்குவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன.

இரண்டாவது: 'பெரியவர்கள் தப்புவார்கள், சின்னக் கொத்தனார் மாட்டுவார்.' இந்த அச்சம் எனக்கும் உண்டு. அதனால்தான் பொறுப்பைக் கீழே தள்ளாமல், பதிவு பெற்றவரின் மேல் வைக்கச் சொல்கிறேன். பதிவு என்பது ஒரு சலுகை. அதை வைத்து வேலை பெறுகிறவர் அதன் சுமையையும் ஏற்க வேண்டும்.

மூன்றாவது: 'ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் அதிகாரத்தை அலுவலரிடம் கொடுத்தால் அதுவே லஞ்சத்துக்கு வழியாகும்.' இதற்கும் விடை இல்லாமல் இல்லை. கறுப்புப் பட்டியலில் சேர்க்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எருசியன் எக்விப்மென்ட் வழக்கில் 1974-இலேயே சொல்லிவிட்டது. அந்தத் தடை நிரந்தரமாக இருக்கலாகாது, குற்றத்தின் அளவுக்கேற்ப இருக்க வேண்டும் என்பது குல்ஜா இன்டஸ்ட்ரீஸ் வழக்கின் (2013) சாரம். இத்தகைய தண்டனை வரக்கூடும் என்பதை முன்னறிவிப்பிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது கோர்கா செக்யூரிட்டி வழக்கு (2014). நியாயமாகத் தண்டிக்கும் முறை நம் கையில் இருக்கிறது. தண்டிக்கும் எண்ணம்தான் வர வேண்டும்.

*

நான் கோருவது பெரிய புரட்சி எதுவும் இல்லை. கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே, இடிப்பதில் வரும் கழிவு எவ்வளவு, எங்கே போகும் என்று ஒரு தாள். அதன் கீழே, வரைபடத்தில் கையெழுத்திட்டவரின் கையெழுத்தும் கட்டித் தருபவரின் கையெழுத்தும். ஒரு சிறு வைப்புத்தொகை. களத்தில் ஒப்படைத்த ரசீதைக் காட்டினால் திரும்பக் கிடைக்கும். ரசீது வராவிட்டால் முதல் முறை எச்சரிக்கை. இரண்டாம் முறை சில மாதங்கள் பதிவு நிறுத்தம். அதற்கும் மேல் போனால் சில ஆண்டுகளுக்கு அரசுப் பணிக்குத் தடை. இவையனைத்தும் பேரூராட்சி அலுவலகப் பலகையில் எவரும் படிக்கும்படி.

2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலிக் கிராமங்களில் கிடந்தபோது நாம் கொதித்தோம். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. கேரளமே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. அத்தகைய கழிவைக் கொட்டுபவர்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் அடைக்க 2025-இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. எல்லை தாண்டி வந்த குப்பைக்கு அத்தனை வேகம். நம் ஊரார், நம் ஊர் டிராக்டரில், நம் ஊர் வாய்க்காலில் கொட்டுவதற்கோ வேகமும் இல்லை, வெட்கமும் இல்லை. அந்நியன் செய்தால் குற்றம், அண்டை வீட்டார் செய்தால் வழக்கம் என்றிருக்கும்வரை சட்டத்தால் செய்யக்கூடியது குறைவே.

இந்த ஆண்டு தங்கை வீட்டில் சமையல்கட்டை இடித்துக் கட்டுகிறார்கள். வேலையை எடுத்திருப்பவர் அதே ஒப்பந்ததாரர்தான். ஒப்பந்தத் தாளில், இடிபாடு போகும் இடத்தின் சர்வே எண்ணையும், அந்த மனைக்காரரின் சம்மதத்தையும் எழுதச் சொன்னேன். "என்ன தம்பி, அஞ்சு நடைக்கு இத்தனை சட்டமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் தாளை எடுத்துக்கொள்ளவில்லை. சற்று நேரம் கழித்துச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார். மறுநாள் அந்த மனைக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். ஐந்து நடையும் அங்கேதான் இருந்தன.